உச்ச வலியும் ஒரு டப்பா மைசூர்பாவும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் படுத்தி எடுக்கிறார்கள், சட்டப்படி என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் டீ வரவழைத்துவிடுவேன். பதில் அவ்வளவு நீளம். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி மேசைக்குள் போட்டுவிடுவார். அடுத்தது பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புக் குழு; அதில் தாளாளரின் மைத்துனர் உறுப்பினராக இருப்பார். அதற்கு மேல் மாவட்ட அலுவலகம், அதற்கும் மேல் ஆணையம். அங்கிருந்து பதில் வருவதற்குள் பிள்ளை கல்லூரி முடித்துக் கல்யாணமும் பண்ணியிருக்கும். போலீசுக்கும் போகலாம். அங்கே அடித்த பிள்ளையின் அப்பாவையும் அடிபட்ட பிள்ளையின் அப்பாவையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்புவார்கள்.

திருப்பூரில் இந்தப் பாட்டையே பாடிப் பாடி எனக்கு அலுத்துப்போயிருந்த காலத்தில்தான் குல்லா வந்தது.

காய்ச்சல் பார்ப்பதற்காக எல்லாப் பள்ளிப் பிள்ளைகளின் கையிலும் அரசாங்கம் ஒரு பட்டையைக் கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டை காய்ச்சலோடு நிற்காமல், பிள்ளை பார்த்தது, கேட்டது, வயிற்றில் புரண்டது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று பிறகு தெரியவந்தது. அதை இன்னொருவர் தலையில் ஏற்றிக் காட்டும் கருவிக்குச் சட்டத்தில் நீளமான பெயர் உண்டு. பார்ப்பதற்குப் பனிக்காலத்தில் மாட்டும் கம்பளிக் குல்லா மாதிரி இருந்ததால் நாங்கள் குல்லா என்றே சொன்னோம். நீதிமன்றத்தில் குல்லா போடுவது எங்கள் தொழிலுக்குப் புதிதும் அல்ல.

சட்டம் வந்த புதிதில் என்னைத் தேடி வந்தவர்கள் ஹர்ஷித்தும் அவர் மனைவி தன்ஷிகாவும். அந்தத் தலைமுறையே அப்படித்தான். ஷ இல்லாத பெயர் வைத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நம்பிய அப்பா அம்மாக்கள் பெற்றது. அதற்குப் பழிவாங்க அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொள்ளுப்பாட்டி பெயராகத் தேடி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய மகள் பெயர் பாவாயி. எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து என் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்ஷிகாதான் பேசினார். ஹர்ஷித் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கும் வேலை. அவருடைய நகக்கண்ணில் எந்நேரமும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். அதைப் பார்த்துவிட்ட வகுப்புப் பெண்கள், பாவாயி உள்ளே வந்தால் எல்லோரும் மாஸ்க் மாட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் தொட்ட பேனாவைக் கழுவினார்கள். ஒரு நாள் அவளுடைய பாட்டிலில் பச்சைக் கலர் கலந்துவைத்துவிட்டார்கள். நல்ல தாகத்தில் கண்ணை மூடிக் குடித்த பிள்ளைக்கு நாக்கு, பல், உதடு எல்லாம் பாசிப் பச்சை. பாவாயி தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னதற்கு, அது கேக்குக்குப் போடுகிற கலர்தான், தரமானது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் தலைவி மாராத்தா என்ற பெண். அவளுடைய அப்பா ரோஷன் பெரிய ஏற்றுமதிக்காரர். ஹர்ஷித்தின் பட்டறைக்கு வரும் துணியில் முக்கால்வாசி ரோஷன் கம்பெனித் துணி. இதைச் சொன்னது தன்ஷிகா. ஹர்ஷித் அப்போது சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க அவருகிட்டப் பேசிப் பாத்தீங்களா?” என்று நான் ஹர்ஷித்தைக் கேட்டேன்.

“பேசுனனுங்க. பச்சைத் தண்ணி குடிச்ச மறுநாளே பாப்பாவையும் கூட்டீட்டு அவங்க ஊட்டுக்குப் போய் நல்லபடியாப் பேசி முடிச்சிட்டுத்தான் வந்தனுங்க.”

“முடிஞ்ச லட்சணத்தப் பாருங்க,” என்றார் தன்ஷிகா. “அதுக்கப்பறந்தான் ஜாஸ்தியாச்சு. இப்ப இவளைக் கண்டாலே எல்லாரும் ‘சிரி, சிரி’ங்கறாங்களாமா. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறா.”

பாவாயி ஸ்டேப்ளரை ஒருமுறை அழுத்தினாள். கம்பிப் பின் ஒன்று மேசையில் விழுந்தது.

நான் குல்லாவை எடுத்துக் காட்டி விளக்கினேன். முன்பெல்லாம் வக்கீல்களே பதிவில் தங்களுக்குத் தோதான இடத்தை வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டும் வேலையில் எங்களுக்கு இருக்கும் திறமை ஊரறிந்தது என்பதால் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது இயந்திரமே தேர்ந்தெடுக்கும். புகாரில் சொன்ன விஷயத்தை ஒட்டி அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் அதிகமாக வலித்ததோ, அந்த இடத்தை மட்டும் எடுத்து வைக்கும். உச்ச வலி என்று பெயர். அது எந்த இடம் என்று விசாரணை வரைக்கும் எனக்கே தெரியாது. அந்த வலிக்கு யார் காரணமோ அவர்தான் பொறுப்பு.

“நீதிபதி, ரெண்டு பக்கத்து வக்கீல், ரெண்டு பக்கத்து அப்பா அம்மா, அத்தனை பேரும் குல்லாவப் போட்டு அதை அனுபவிச்சே ஆகோணும். அப்பறம் எவனும் ‘சும்மா வெளையாட்டு’ன்னு சொல்ல முடியாது,” என்றேன். சொல்லும்போது எனக்கே ஒரு குஷி வந்துவிட்டது.

“அந்த ரோஷன் போட்டுக்கோணும்,” என்றார் தன்ஷிகா. “எம் பொண்ணு வாய் பச்சையா நின்னது எப்படி இருந்துச்சுன்னு அந்தாளு பாக்கோணும். வேற எதும் வேண்டாமுங்க எனக்கு.”

அப்போதுதான் பாவாயி முதன்முதலாக வாய் திறந்தாள்.

“ஆன்ட்டி, அப்பாவும் போட்டுக்கோணுமா?”

“ஆமா கண்ணு.”

“அம்மா மட்டும் போட்டாப் பத்தாதா?”

“ரெண்டு பேரும் போடோணும். அதான் சட்டம்.”

“அப்ப கேஸ் வேண்டாம்.”

பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், எல்லாமே முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லும். மாராத்தாவுக்குப் பயப்படாதே, இனி அவள் உன் பக்கம் வரமாட்டாள் என்று நான் பாட்டுக்குத் தைரியம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விவரம் கெட்ட பெரியவர்களைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வை அது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் மகளின் தலையைத் தடவி, வக்கீல் அம்மா சொல்கிறபடி கேட்போம் என்றார். வழக்குப் போட்டோம்.

விசாரணை நாளில் ரோஷன் வெள்ளை வெளேரென்று வந்திருந்தார். ஆள் கெட்டவர் போலத் தெரியவில்லை. ஊருக்கு நன்கொடை கொடுத்துக் கொடுத்து முகத்தில் ஒரு கனிவு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. ஹர்ஷித்தைக் கண்டதும் தோளில் தட்டி, என்னப்பா, கோர்ட்டுக்கெல்லாம் இழுத்துட்டியே என்றார். ஹர்ஷித் சிரித்தார். அது எங்கள் ஊரில் வேலை எடுத்துச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு. வேலை கொடுக்கிறவர் எதைச் சொன்னாலும் அதில் ஒரு தமாஷ் இருப்பதாக எண்ணி, அவர் நிறுத்துகிற வரைக்கும் சிரிப்பது.

பிள்ளைகள் இருவரையும் வெளியே உட்காரவைத்தார்கள். எல்லோரும் குல்லாவை மாட்டிக்கொண்டோம். நீதிபதி அம்மாவுக்குக் கொண்டை பெரிது, அதன் மேல் குல்லாவை இறக்க டவாலி படாத பாடு பட்டார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வழுக்கை, அவருக்கு நழுவி நழுவி விழுந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். வகுப்பறை வரும், மாஸ்க்குகள் வரும், பாட்டில் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது ஒரு வீட்டுக் கூடம்.

பெரிய சோபா. தரை சில்லென்று இருக்கிறது. நான் குட்டையாக இருக்கிறேன். கையில் ஒரு கிலோ மைசூர்பா டப்பா, அதன் அடியில் நெய் கசிந்து விரலில் பிசுபிசுக்கிறது. வாயை இறுக்கி மூடியிருக்கிறேன். முதுகில் ஒரு கை என்னை மெதுவாக முன்னால் தள்ளுகிறது. எதிரே ரோஷன், பக்கத்தில் அவர் மனைவி, சோபாவின் கைப்பிடியில் காலாட்டிக்கொண்டு மாராத்தா.

“குடு சாமி. மிஸ்ஸுகிட்டச் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லிட்டுக் குடு.”

ஹர்ஷித்தின் குரல். நான் டப்பாவை நீட்டுகிறேன். தப்பு என்று சொல்வதற்கு வாயைத் திறக்காமலே என்னவோ முனகுகிறேன். ரோஷன் டப்பாவை வாங்கிக்கொண்டு கனிவாக, அட, இதெல்லாம் எதற்கு என்கிறார். அவர் மனைவி, கண்ணு ஏன் உம்மென்று இருக்கிறது, கொஞ்சம் சிரிக்கலாமே என்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். முதுகில் இருக்கும் கை அழுத்துகிறது.

“சிரி பாப்பா. ஆன்ட்டி ஆசையாக் கேக்கறாங்கல்ல. சிரி.”

சிரிக்கிறேன். இன்னும் பச்சை போகாத பல் தெரிகிறது. பிறகு மாராத்தா சோபாவிலிருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார், ரோஷன் நல்ல மனசோடு ஹாஹா என்கிறார். அதுவரைக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் ஒன்றுமே இல்லை. என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னாலிருந்து, இன்னொரு சிரிப்புச் சேர்ந்துகொண்டது. ரோஷன் நிறுத்துகிற வரைக்கும் நிறுத்தாத சிரிப்பு. அப்போதுதான் வயிற்றுக்குள் எதுவோ கழன்று விழுந்தது. நான் நீதிமன்றத்தில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது பேர் மாஸ்க் மாட்டிக்கொண்டால் வலிக்காத வலி அது.

குல்லாவைக் கழற்றியபோது திரையில் பச்சை எழுத்தில் முடிவு வந்திருந்தது. உச்ச வலிக்குக் காரணம்: மனுதாரர் எண் ஒன்று, ஹர்ஷித்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, கனம் கோர்ட்டார் அவர்களே என்று ஆரம்பித்தார். அவருக்கு அன்றைக்கு மெனக்கெட வேண்டிய வேலையே இல்லை. சட்டப்படி காரணம் மனுதாரர் என்றால் மனு தள்ளுபடி. நான் பாட்டிலைப் பற்றியும் மாஸ்க்கைப் பற்றியும் தொண்டை கிழியப் பேசினேன். நீதிபதி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் வாதத்தைக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே மனுவைத் தள்ளுபடி செய்தார். வலியை அளக்க இயந்திரம் கண்டுபிடித்தவர்கள் மகா புத்திசாலிகள். வலித்ததைச் சொல்லும் அந்த இயந்திரம், அந்த அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது எது என்று சொல்லாது. அதற்கு ஒரு பட்டையை அவர் கையில் அல்லவா கட்டியிருக்க வேண்டும்.

ரோஷனும் அதே குல்லாவைத்தான் போட்டார், அதே பிசுபிசுப்பு அவர் விரலிலும் இருந்திருக்கும். வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்:

“பாத்தீங்களா மேடம், நான் நல்லவிதமாத்தானே பேசியிருக்கேன்.”

உண்மையாகவே நிம்மதியாக இருந்தார். குல்லா உணர்வைத்தான் கொடுக்கும், புத்தியைக் கொடுக்காது. அது சொந்தமாக இருந்தால்தான் உண்டு.

வராந்தாவில் ஹர்ஷித் தூணோடு தூணாக நின்றிருந்தார். தன்ஷிகா அவரிடமிருந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். கணவர் பேசப் போனது மட்டும்தான் அவருக்குத் தெரியும். டப்பா தெரியாது, சிரிப்பு தெரியாது. பாவாயி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது வந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவளுக்கு அது முதலிலேயே தெரியும். அன்றைக்கு என் அறையில் அவள் காப்பாற்றப் பார்த்தது தன்னை அல்ல என்பது மரமண்டையான எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹர்ஷித் என்னிடம் வந்தார்.

“வக்கீலம்மா, பாப்பா சார்பா எம்மேல கேஸ் போட முடியுங்களா?”

நான் சட்டத்தைச் சொன்னேன். பாவாயி மைனர். அவள் சார்பில் வழக்குப் போடக் காப்பாளர் வேண்டும். அந்தக் காப்பாளர் நீங்கள்தான். உங்கள்மேல் நீங்களே வழக்குப் போட்டு, நீங்களே வாய்தா வாங்கி, நீங்களே ஆஜராக வேண்டியிருக்கும்.

“நான் போடறேன்,” என்றார் தன்ஷிகா, தள்ளி நின்றபடியே. “நானும் காப்பாளர்தான்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையில் பேனா இருந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார். ஹர்ஷித் தலையாட்டினார், போடட்டும் என்பது போல.

பாவாயி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

“கேஸெல்லாம் வேண்டாம்,” என்றாள். “அந்த டப்பாவத் திருப்பி வாங்கிக் குடுங்க.”

“எந்த டப்பாவ சாமி?”

“மைசூர்பா டப்பா.”

இப்படி ஒரு பரிகாரம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பேரூராட்சியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் யாருக்கும் மைசூர்பாவைத் திருப்பி வாங்கித் தரும் அதிகாரம் கிடையாது. அதனால்தானோ என்னவோ எனக்கு அது பிடித்துப்போனது. ஹர்ஷித் தன் நகக்கண்ணில் இருந்த சாயத்தைப் பார்த்தார். ரோஷன் துணி நின்றால் பட்டறையில் பாதி மிஷின் நின்றுவிடும் என்பதை அவர் கணக்குப் போட்டிருப்பார். போடாமல் இருக்க முடியாது. பிறகு, வா என்று மகளைக் கூப்பிட்டார். என்ன நடக்கிறது பார்ப்போம் என்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். தன்ஷிகா வரவில்லை. இந்த மனிதர் அங்கே போய் என்ன செய்வார் என்று தனக்குத் தெரியும், அந்த வீட்டில் இன்னொரு முறை அதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்.

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ரோஷன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று ஹர்ஷித் மணியை அழுத்தினார். பாவாயி அவருக்குப் பின்னால் நின்றாள். ரோஷன் பனியனோடு வெளியே வந்து, உள்ளே வாப்பா, கோர்ட்டில் நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே, திங்கட்கிழமை துணி அனுப்புகிறேன் என்றார்.

“உள்ள வரலீங்க. அன்னைக்குப் பாப்பா குடுத்த மைசூர்பாவத் திருப்பி வாங்கீட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

ரோஷனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஹர்ஷித் திரும்பச் சொன்னார். வார்த்தை மாறவில்லை.

ரோஷன் சிரித்துவிட்டார். “தின்னு செரிச்சு எத்தனை நாளாச்சு. இப்ப அதை எங்க போய்த் தேடறதுப்பா?” என்று சொல்லி ஹாஹா என்றார். நியாயமாகப் பார்த்தால் தமாஷ்தான். எனக்கே உதடு கோணியது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவியும் சிரித்தார். ரோஷன் சிரித்துக்கொண்டே ஹர்ஷித்தின் முகத்தைப் பார்த்தார், அங்கிருந்து வர வேண்டிய சிரிப்புக்காக. அது வந்து சேர்ந்தால்தான் எல்லாம் பழையபடி ஆகும்.

ஹர்ஷித்தின் தாடை ஒருமுறை அசைந்தது. பழக்கம் பொல்லாதது, அது தன் வேலையைச் செய்யப் பார்த்தது. அவர் பாவாயியின் பக்கம் திரும்பவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரோஷனின் சிரிப்பு தனியாகக் கொஞ்ச தூரம் போய், துணைக்கு ஆள் இல்லாமல் நின்றது.

“அப்ப வேற வாங்கித் தாங்க. ஒரு கிலோ. மாராத்தா கையால பாப்பாகிட்டக் குடுக்கோணும்,” என்றார் ஹர்ஷித்.

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் நின்று வேடிக்கை பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ரோஷன் அதட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை துணி வராது என்றார். எந்தத் திங்கட்கிழமையும் வராது என்றார். ஹர்ஷித் சரிங்க என்றார், கம்பியை விடவில்லை. ஊருக்குள் பெயர் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் கேட்டில் ஒருவர் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று எந்தக் குல்லாவும் இல்லாமலே ரோஷனுக்குப் புரிந்தது. போனை எடுத்து ஆர்டர் போட்டார். ஒரு குட்டி ட்ரோன் பறந்து வந்து, மாமரத்தில் இடித்து, மைசூர்பாவைக் கோலத்தின் மேல் இறக்கிவிட்டுப் போனது.

மாராத்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, தரையைப் பார்த்தபடி நீட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாராத்தாவின் அம்மா வாயைத் திறக்கப் போனார், ஏதோ சிரித்துச் சமாளிக்கச் சொல்லத்தான். பாவாயி அவசரமாக டப்பாவை வாங்கிக்கொண்டு, “அவளச் சிரிக்கச் சொல்லாதீங்க,” என்றாள்.

திரும்பும் வழியில் என் தெரு முனையில் நான் இறங்கப் போகும்போது பாவாயி டப்பாவை என் மடியில் வைத்தாள். எனக்கு மைசூர்பா பிடிக்காது ஆன்ட்டி, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, உங்கள் ஃபீஸாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேறு ஃபீஸ் எதுவும் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். வாங்கிக்கொண்டேன். ரோஷன் கம்பெனித் துணி அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வரவேயில்லை. மாஸ்க்கும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை.

வீட்டில் நடந்ததைத் தன்ஷிகா மறுநாள் போனில் சொன்னார். வண்டிச் சத்தம் கேட்டும் அவர் எழுந்து கதவைத் திறக்கவில்லை. பாவாயிதான் திறந்துகொண்டு முதலில் உள்ளே வந்திருக்கிறாள். டப்பா எங்கே, வாங்கினீர்களா இல்லையா, அங்கே போய் உங்கள் அப்பா என்னதான் செய்தார் என்று இவர் ஒரு மூச்சுக்குக் கேட்டிருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“அப்பா சிரிக்கலம்மா,” என்று சொன்னாளாம்.